எக்ஸ்ரேயில் ஓடிய மூணாறு ரயில்

"சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டால் "பள்ளிவாசல்" என்பேன். "சரிங்க, பள்ளிவாசலுக்குப் பக்கத்துல. ஊரு எது?" என்று அடுத்த கேள்வி வரும். ஊரின் பெயரே அதுதான், இடுக்கி மாவட்டம், அடிமாலியிலிருந்து மூணாறுக்கு ஏறும் வழி என்று விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். குஜராத்தில் ஒரு டைம் கீப்பர், பெயருக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டு, முகவரிக் கட்டத்தில் 'மஸ்ஜித், கேரளா' என்றே எழுதிவிட்டார். அந்த முகவரியோடு ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். ஊரையே சரியாகப் பதியவைக்க முடியாதவன் இரண்டு குழாய்களை எப்படிச் சேர்த்திருப்பான் என்று நீங்கள் நினைத்தால், அது நியாயம்தான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் எங்களுடையது. திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரை மலை உச்சியில் குழாய்க்குள் விட்டு, கீழே விசையாழியைச் சுற்றவைத்து, 1940-ல் மின்சாரம் எடுத்தார்கள். மொத்தம் 37.5 மெகாவாட். பக்கத்தில் இருக்கும் சித்திரபுரம் அந்த மகாராஜா சித்திரைத் திருநாளின் பெயரில் உண்டான ஊர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த எங்கள் தாத்தாவுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. ஆனால் மகாராஜாவும் தானும் சேர்ந்து கட்டியது போலத்தான் பேசுவார்.

மலைச்சரிவில் இறங்கும் அந்தப் பென்ஸ்டாக் குழாய்தான் என் பிள்ளைப் பிராயத்து வேடிக்கை. காவலாளி விரட்டும்வரை குழாயில் காதை வைத்துக் கேட்போம். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்காது. ஒரு நடுக்கம் மட்டும் பல்லுக்குள் வந்து உட்காரும். சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர். பத்து மீட்டர் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. அடிவாரத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 60 கிலோ உட்கார்ந்திருக்கிறது. அதாவது என் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு முழு ஆள். இந்தக் கணக்கு அப்போது தெரிந்திருந்தால் காதை வைத்திருக்கமாட்டேன்.

இப்படி ஒரு ஊரில் பிறந்தவனுக்குக் குழாய் இணைக்கும் வேலைதான் விதி என்று நானே முடிவு செய்தேன். மலை இறங்கி ஒரு ஐடிஐயில் வெல்டர் டிரேடு சேர்ந்தேன்.

முதல் தோல்வி அங்கேதான். என் கைக்கு மேல்வேலை அழகாக வரும். கேப்பிங் என்று சொல்கிற கடைசி வரியை மீன் செதில் அடுக்கியது போலப் போடுவேன். சகமாணவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 6ஜி பரீட்சை வந்தது. குழாயை 45 டிகிரி சாய்த்து நிறுத்திவிடுவார்கள். குழாய் நகராது, நாம்தான் அதைச் சுற்றி நின்று, குனிந்து, மண்டியிட்டுப் பற்றவைக்க வேண்டும். நான் போட்ட ஜாயின்ட்டைப் பார்த்து ஆசிரியர் புருவத்தைத் தூக்கினார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். அதிலிருந்து பட்டை பட்டையாக வெட்டி, பெண்ட் டெஸ்ட் இயந்திரத்தில் வைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி 'ப' வடிவத்தில் வளைத்தார். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பிளவு தெரிந்தால் தோல்வி. என்னுடையது மில்லிமீட்டரில் அளக்கும் நிலையில் இல்லை. வாயைப் பிளந்து சிரித்தது.

பைப் வெல்டிங்கில் மேலே தெரிவதெல்லாம் கூரை ஓடு. வீடு நிற்பது ரூட்டில். இரண்டு குழாய்களின் விளிம்பையும் 30 டிகிரி சாய்த்துச் சீவி, நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தியிருப்பார்கள். ரூட் என்கிற முதல் வரி அந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்து, குழாயின் உள்சுவரில் மெல்லிய தழும்பாகப் படிய வேண்டும். படியாவிட்டால் உள்ளே ஒரு பள்ளம் நிற்கும். அழுத்தம் ஏறும்போதெல்லாம் இழுவிசை முழுவதும் அந்தப் பள்ளத்தின் நுனியில் வந்து குவியும். மேலே எத்தனை செதில் அடுக்கினாலும் கீழே கிழிவது கிழியும். இது பாடப் புத்தகத்தின் ஏழெட்டாம் பக்கத்திலேயே இருந்தது. நான் அந்தப் பக்கத்துப் படத்துக்கு வண்ணம் அடித்துவைத்திருந்தேன்.

இரண்டாம் முறை எழுதித் தேறினேன். அது எப்படி என்பது வேண்டாம்.

பிறகு குஜராத். ஒரு கேஸ் லைன் வேலை, ஒரு கான்ட்ராக்டர். பெயர் சொல்லமாட்டேன், அவர்கள் பேரில் தப்பில்லை, என்னை வேலைக்கு எடுத்ததைத் தவிர. அங்கே என் ஜோடி திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர். கேஸ் லைனில் ஒரு ஜாயின்ட்டுக்கு இரண்டு வெல்டர்கள் நிற்பார்கள். குழாயின் வாயைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். உச்சி 12 மணி, அடி 6 மணி. இருவரும் 12 மணியில் தொடங்கி, ஆளுக்கு ஒரு பக்கமாக இறங்கி 6 மணியில் சந்திக்க வேண்டும். டவுன்ஹில் என்பார்கள். மூன்று மணி வரை மனிதனுக்கான வேலை. நான்கு தாண்டினால் மண்ணில் சாய வேண்டும். ஆறு மணியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் உருகும் இரும்பைக் கீழே விழாமல் மேலே ஒட்டவைக்க வேண்டும். விழும் பொறியில் பாதி சட்டைக் காலர் வழியாக உள்ளே போகும். உலகத்துக்கெல்லாம் ஆறு மணிக்கு வேலை முடியும். எனக்கு ஆறு மணியில்தான் வேலை கெடும்.

"எலேய், கண்ணால பாக்காத. காதக் குடு" என்பார் அண்ணாச்சி.

ரூட் சரியாக இறங்கும்போது பொறியின் முன்னால் சாவித் துவாரம் போல ஒரு சின்ன ஓட்டை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் வழியாக ஆர்க், அதாவது மின்பொறி, குழாய்க்குள் ஊதும். அந்த ஊதல் குழாய்க்குள் எதிரொலிக்கும், வெறும் காதில் கேட்கலாம். சத்தம் வெளியே சடசடத்தால் ரூட் இறங்கவில்லை. அவர் கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டே போடுவார். பிள்ளைப் பிராயத்திலேயே குழாயில் காது வைத்துக் கேட்ட ஊர்க்காரன் நான். எனக்கு இது எளிதாக வந்திருக்க வேண்டும். நானோ செதில் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராடு, அதாவது பற்றவைக்கும் குச்சி, அந்த விஷயத்துக்கு வருகிறேன். என் தோல்விகளில் இதுதான் கொஞ்சம் படித்தவன் செய்யக்கூடிய தோல்வி.

பள்ளிவாசலில் வருஷத்தில் பாதி நாள் மூடுபனி, மீதி நாள் மழை. எங்கள் வீட்டில் உப்பு நீர்விடும், தீப்பெட்டி பற்றாது, காயப்போட்ட துணி அடுத்த வாரம்வரை காயும். ஈரம் என்றாலே எனக்குப் பகை. ஐடிஐயில் படித்ததில் என் மனதில் ஆழமாக இறங்கியது இது ஒன்றுதான்: 7018 ராடை ஈரத்தில் வைக்கக்கூடாது. மாவுப் பூச்சில் ஈரம் இருந்தால் ஆர்க்கின் சூட்டில் தண்ணீர் பிளந்து ஹைட்ரஜன் பிரியும். அது உருகிய இரும்பில் கரையும். இரும்பு ஆறும்போது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு கடினமான இடம் பார்த்து ஒதுங்கி நின்று, சமயம் பார்த்து விரிசல் விடும். சமயம் என்றால் உடனே இல்லை. சில சமயம் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்து. அதனால்தான் முக்கியமான ஜாயின்ட்டுகளை 48 மணி நேரம் விட்டுவைத்துச் சோதிப்பார்கள். 7018 ராடை 300, 350 டிகிரியில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் மதர் ஓவனில் வறுத்து, கையடக்க ஓவனில் சூடு குறையாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும்.

குஜராத்தில் ரூட்டுக்குத் தந்தது 6010 ராடு. முதல் இரண்டு எண் பலம், சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசை. கடைசி இரண்டு எண்ணைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஒரு நாள் ராத்திரி நல்ல பனி. காலையில் பெட்டியைத் திறந்தால் ராடு லேசாக நமுத்த மாதிரி இருந்தது. யாரும் சொல்லாமலே, ஊர்ப் பாசத்தோடு, இரண்டு பாக்கெட்டை ஓவனுக்குள் போட்டு 300-ல் வறுத்தேன். ஸ்டோர்கீப்பருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் செய்த காரியம் இது. வெளியே எடுத்தபோது பூச்சு கறுத்து, பொரித்த அப்பளம் போல உதிர்ந்தது. கிடைத்ததில் ஒன்றை மாட்டிப் பற்றவைத்தேன். ஆர்க் சோம்பேறித்தனமாக எரிந்தது. உள்ளே ஊதவே இல்லை.

அண்ணாச்சி தன் பக்கத்தை நிறுத்திவிட்டு, குழாயைச் சுற்றி வந்தார். ராடை வாங்கி மோந்து பார்த்தார்.

"வறுத்தியால?"

"ஆமா அண்ணாச்சி. ஈரமா இருந்துச்சு."

"ஈரம் வேணும்ல இதுக்கு! இது வேற சாதி ராடு. மேல பூசியிருக்கது மரத்தூளு மாதிரி. அதுல கொஞ்சம் தண்ணி இருந்தாத்தான் ஆர்க்கு குத்தும். நீ தண்ணிய எடுத்துட்டு வெறும் கட்டையக் கொண்டாந்திருக்க."

6010-இன் பூச்சு செல்லுலோஸ். அது எரிந்து எழும் வாயுதான் ஆர்க்கை உள்ளே தள்ளுகிறது. அதில் சில சதவீதம் ஈரம் இருந்தே ஆக வேண்டும், ஓவனில் வைக்கவே கூடாது. ஒரு ராடுக்கு விஷம் மற்ற ராடுக்கு மருந்து. ஈரத்தை வெறுக்கப் பிறந்தவனுக்கு, ஈரம் வேண்டும் என்கிற ராடைக் கொடுத்தது யார் பிழை என்று வாதாடிப் பார்த்தேன். இரண்டு பாக்கெட் விலை சம்பளத்தில் பிடித்தார்கள்.

சரி, 6010 ரூட்டில் ஹைட்ரஜன் நிறைய சேருமே, அதற்கு என்ன வழி? சூடு. ரூட் போட்டுக் கிரைண்டர் பிடித்த சில நிமிஷங்களுக்குள் அடுத்த வரியான ஹாட் பாஸ் ஏறிவிட வேண்டும். ஜாயின்ட் ஆறாமல் இருந்தால் ஹைட்ரஜன் மெல்ல வெளியே நழுவிப்போகும். நடுவில் ஆறவிட்டால் உள்ளேயே தங்கும். இந்த இடத்தில் தேயிலைத் தோட்டத்துக்காரன் டீயால் கெட்டான். ரூட் முடிந்ததும் சைட்டுக்கு டீ சைக்கிள் மணி அடித்து வரும். ஒரே ஒரு டம்ளர் என்று போவேன். குஜராத் டீயில் இஞ்சியும் பாலும்தான் இருக்கிறது, தேயிலை எங்கே என்று டீக்காரனுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு வருவேன். திரும்பி வந்தால் குழாய் கை வைக்கும்படி ஆறியிருக்கும். சூடு பார்க்க டெம்பில் ஸ்டிக் என்று மெழுகுக் குச்சி தந்திருந்தார்கள். குழாயில் கிழித்தால், குறிப்பிட்ட டிகிரியில் உருகும். அதைத் தொலைத்துவிட்டு எச்சில் துப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுர் என்றால் சூடு. என்ன சூடு என்று எச்சிலுக்குத் தெரியாது.

ராத்திரியில் எக்ஸ்ரே எடுப்பார்கள். உண்மையில் எக்ஸ்ரே இல்லை, இரிடியம் 192 மூலத்தின் காமா கதிர். எல்லோருக்கும் எக்ஸ்ரேதான். கயிறு கட்டி ஆட்களை விலக்கி, குழாயைச் சுற்றிப் பிலிம் ஒட்டி எடுத்து, மறுநாள் இருட்டு அறையில் விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஜாயின்ட் ஓரத்திலும் வெல்டர் நம்பர் இருக்கும். தப்பித்து ஓட வழியில்லை. பிலிமில் கறுப்பாகத் தெரிந்தால் கஷ்டகாலம். புள்ளி புள்ளியாக இருந்தால் காற்றுக் குமிழி. நட்ட நடுவே ஒரு நேர்கோடு என்றால் ரூட் இறங்கவில்லை. இரண்டு பக்கமும் இணையாக இரண்டு கோடு ஓடினால், ரூட்டின் இரு ஓரத்திலும் கசடு மாட்டியிருக்கிறது. ரூட் நடுவில் மேடு தட்டி, ஓரங்களில் பள்ளம் விழுந்து, கிரைண்டர் சரியாகப் பிடிக்காமல் விட்டால் வரும் வினை. அதற்கு அந்தத் தொழிலில் வைத்த பெயர் தண்டவாளம்.

என் பிலிமில் தண்டவாளம் நாலரை மணியிலிருந்து ஆறு மணிவரை தங்குதடையில்லாமல் ஓடியது. மூணாறுக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது. குண்டளை பள்ளத்தாக்கு ரயில், தேயிலைப் பெட்டி சுமந்த குட்டி ரயில். 1924-ல் வந்த, மலையாளக் கணக்கில் 99-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அது தடம் தெரியாமல் அடித்துப் போனது. பிறகு யாராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. குஜராத்தில் ஒரு விளக்குப் பெட்டிமேல் அதை நான் ஓடவிட்டேன். இன்ஸ்பெக்டர் பிலிமை என்னிடம் காட்டி, "எந்த ஸ்டேஷன்வரை?" என்று கேட்டார். அன்றிலிருந்து கேம்ப்பில் என் பெயர் ஸ்டேஷன் மாஸ்டர்.

ரிப்பேர் என்றால் அந்த இடத்தைத் தோண்டி மறுபடி நிரப்புவது. அதிலும் தேறாவிட்டால் கட் அவுட், அந்த ஜாயின்ட்டையே வளையமாக அறுத்து எடுத்துவிடுவார்கள். என் வளையம் ஒன்று மேஸ்திரி கூடாரத்து வாசலில் வெகுநாள் கிடந்தது. சாம்பல் தட்டுவதற்கு வசதியாக இருந்ததாம்.

இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது சின்னது. ராடு பிடிக்காவிட்டால் பக்கத்தில் குழாய்மேலேயே இரண்டு தட்டுத் தட்டிப் பொறி வரவழைப்பேன். தீக்குச்சி உரசுவது போல. குழாயில் அரிசி அளவு ஒரு தழும்பு விழும். ஆர்க் ஸ்ட்ரைக். இன்ஸ்பெக்டர் மஞ்சள் பெயின்ட் பேனாவால் அதை வட்டம் போட்டபோது, இதுக்குமா என்று சிரித்தேன். அரிசி அளவு இரும்பு உருகும்; சுற்றியிருக்கும் டன் கணக்கான குளிர்ந்த குழாய் அந்தச் சூட்டை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். சிவந்த கத்தியைத் தண்ணீரில் முக்கியது போல அந்தப் புள்ளி கண்ணாடியாகக் கடினப்பட்டு நிற்கும். வளையாது, உடையும். விரிசலுக்கு அது பிள்ளையார் சுழி. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவில் போர்ட்லண்ட் துறைமுகத்தில் 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், அலை இல்லை, புயல் இல்லை, கட்டிய இடத்தில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. ஆணி அடித்துச் சேர்த்த பழைய கப்பலில் விரிசல் விட்டால் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நிற்கும். பற்றவைத்த கப்பல் முழுக்க ஒரே தகடு மாதிரி. எங்கோ தொடங்கிய விரிசல் போய்க்கொண்டே இருக்கும். குழாயும் அப்படித்தான். என் குழாயில் அன்று ஏழு மஞ்சள் வட்டம். அத்தனையையும் கிரைண்டரால் தேய்த்து, அமிலம் தடவிக் கறுப்புப் புள்ளி போய்விட்டதா என்று பார்த்து முடிக்கச் சாயங்காலமானது. ஏழாவது வட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்து எட்டாவதைக் காட்டினார்.

வெல்டிங் வராதவன் இன்ஸ்பெக்டர் ஆவான் என்று வெல்டர்கள் சொல்வார்கள். ஆனேன். திருச்சி பெல் வளாகத்தில் 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் திரியும் கூட்டத்தோடு சேர்ந்து நானும் சான்றிதழ்கள் சேர்த்தேன். என்னுடைய தகுதி ஒன்றுதான்: எந்தத் தப்பைக் காட்டினாலும் அதை நான் ஏற்கெனவே செய்திருந்தேன். பிலிமைப் பார்த்ததும் வெல்டர் டீ குடிக்கப் போன நேரம்வரை சொல்லுவேன்.

2013-ல் பல்லடத்திலிருந்து என் மச்சான் போன் செய்தார். கொச்சியிலிருந்து கூட்டநாடு வழியாக பெங்களூருக்குப் போகும் கேஸ் குழாய் தமிழ்நாட்டில் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் போகிறது, விளைநிலம் வழியாகத் தோண்டுகிறார்கள், ஊரெல்லாம் கொதிக்கிறது.

"ஏனுங் மாப்ள, உங்க தொழில்தானுங்களே. அந்த 310 கிலோமீட்டர்ல எத்தன ஜாயின்ட்டு வருமுங்க?"

ஒரு குழாய் பன்னிரண்டு மீட்டர் என்று வைத்தால் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல், என்றேன்.

"அத்தனையும் நல்லா இருக்குமுங்களா?"

"எல்லாத்தையும் எக்ஸ்ரே எடுப்பாங்க மச்சான்."

"உங்களதையும் எடுத்தாங்கல்ல?"

நான் ஒன்றும் பேசவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் கதையைக் கல்யாண வீட்டில் அவரிடம் சொன்னவன் நானேதான். அடுத்த வருஷம், 2014 ஜூன் 27, ஆந்திரத்தில் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கேஸ் குழாய் கசிந்து தீப்பிடித்து, விடியற்காலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எரிந்துபோனார்கள். மச்சான் மறுபடி போன் செய்தார். அது ஜாயின்ட் இல்லை, கேஸோடு போன தண்ணீரைப் பிரித்தெடுக்காததால் குழாய் உள்ளிருந்து அரித்தது என்று விளக்கினேன். "அப்ப ஜாயின்ட்டும் கெடும், குழாயும் கெடும். இத ஆறுதலுக்குச் சொல்றீங்களா மாப்ள?" என்று வைத்துவிட்டார். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விளைநிலம் வழியாகக் குழாய் போகக்கூடாது என்ற தமிழக அரசின் வாதத்தை ஏற்கவில்லை. கேரளப் பக்கம் கொச்சி முதல் மங்களூர் வரை 450 கிலோமீட்டர், ஆறும் ஓடையுமாக நூற்றுக்கு மேற்பட்ட இடங்களைத் தாண்டி, 2021 ஜனவரி 5 அன்று திறப்புவிழா கண்டது. கூட்டநாட்டிலிருந்து பிரிந்து வாளையார் பக்கம் வரும் கிளை பாலக்காட்டு வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. பஸ்ஸில் அந்த வழியே போகும்போதெல்லாம் வரப்போரத்து மஞ்சள் எச்சரிக்கைக் கல்லைப் பார்த்து, மங்களூர் வரைக்கும் முப்பத்தேழாயிரம் சொச்சம் ஜாயின்ட் என்று மனதுக்குள் பெருக்கிக்கொள்வேன். நான் அதில் ஒன்றுகூடப் போடவில்லை. பக்கத்து சீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

எங்கள் மலையிலேயே 2007 செப்டம்பர் 17 அன்று பன்னியாறு மின்நிலையத்தின் பென்ஸ்டாக் வெடித்தது. வெள்ளத்தூவல் பக்கம். மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் ஆட்களைக் கொண்டுபோனது. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வராது. அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போனால் பென்ஸ்டாக் பக்கம் காதை வைக்கப் போவதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

இத்தனையும் கற்ற பிறகு, நரைத்த பிறகு, சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகு செய்ததுதான் கடைசித் தோல்வி. பள்ளிவாசல் லயத்துக்கு மேலே எங்கள் மாரியம்மன் கோயில். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு இஞ்ச் ஜிஐ குழாய் முறிந்துவிட்டது. பிளம்பர் பையன் சாக்கெட் போட்டு முறுக்கிவிடுகிறேன் என்றான். சாக்கெட் வாங்க மூணாறு போக வேண்டும். நான் அவன் தோளைத் தட்டி, "விடு தம்பி, கேஸ் லைன் பாத்த கை இது. வெல்டு பண்ணிட்டா உம் பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றேன். கமிட்டித் தலைவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

வெல்டிங் செட்டு பக்கத்து ஒர்க் ஷாப்பில் கிடைத்தது. ராடு எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. எப்போதோ கொண்டுவந்த 7018, பிளாஸ்டிக் பையில், நாலைந்து மழைக்காலம் கண்டது. பூச்சில் வெள்ளை பூத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, தண்ணிக் குழாய்தானே என்றேன். ஓவன் எங்கே இருக்கிறது? அம்மா அடுப்பங்கரையில் விறகோடு சேர்த்து அரை மணி நேரம் சாத்திவைத்தேன். ஜிஐ குழாயின் துத்தநாகப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது ஐடிஐ முதல் மாதப் பாடம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், இரும்பு உருக 1500 வேண்டும். இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் புகையாகி, உருகிய குழம்பைக் குமிழி குமிழியாகத் துளைக்கும். நான் பயிற்சி கொடுத்த மாணவர்களுக்கு இதைப் போர்டில் படம் போட்டே விளக்கியிருக்கிறேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பிளம்பர் பையன் குடை பிடித்தான். வெள்ளைப் புகை கோயில் சாம்பிராணியோடு போட்டி போட்டது. பஞ்சு போல வெள்ளைத் துகள் என் மீசையில் படிந்தது. மேலே மட்டும் செதில் பிரமாதமாக விழுந்தது. செல்போனில் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன்.

அன்று ராத்திரி குளிர் தூக்கிப் போட்டது. வாயில் இரும்பு ருசி. துத்தநாகப் புகைக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும், மறுநாள் தானாக இறங்கிவிடும். அம்மா கேட்கவில்லை.

"ஆத்தா வாசல்ல நின்னுக்கிட்டு அம்புட்டுப் பெருமை பேசுனா? அதான் ஆத்தா தொட்டுட்டா" என்று நெற்றியில் திருநீறு அப்பினாள். அவளுடைய நோயறிதலில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருவிழாக் காலையில் தொட்டி நிரப்பி வால்வைத் திறந்தார்கள். ஜாயின்ட்டிலிருந்து மூன்று தண்ணீர் ஊசிகள் கிளம்பின. இரண்டு சும்மா காற்றில் போயின. மூன்றாவது கமிட்டித் தலைவரின் புதுப் பட்டு வேட்டியில் சரியாக மடிப்புக்குக் கீழே போய் நின்றது. அவர் நகர்ந்தார். காற்றும் அவரோடு நகர்ந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. யாருடையது என்று விசாரித்தேன், என் தங்கை பேத்தி.

பிளம்பர் பையன் ஒன்றும் சொல்லவில்லை. யாருடைய சைக்கிளிலிருந்தோ எடுத்த பழைய டியூபை நீளமாகக் கிழித்து, என் செதில்கள்மேல் இழுத்து இழுத்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் இரண்டு முறுக்கு முறுக்கினான். தண்ணீர் நின்றது. "இப்போதைக்கு இது இருக்கட்டும்ணே, திருவிழா முடிஞ்சதும் சாக்கெட் போட்டுக்கலாம்" என்றான்.

அது ஆறு வருஷத்துக்கு முன்பு. சாக்கெட் இன்னும் மூணாறு கடையில்தான் இருக்கிறது.